பெற்ற பிள்ளைகளைத் தத்துக் கேட்ட வண்டிக்காரர்

குதெர் ஊரில் ஹுந்தே ரெகாசாவின் குதிரை வண்டியில் ஏறாதவர்கள் இரண்டே வகை: செத்தவர்கள், சொந்தமாக பஜாஜ் ஆட்டோ வைத்திருப்பவர்கள். செத்தவர்களிலும் பாதிப்பேர் கடைசியாக அவர் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குதிரையை அவர் அடித்ததில்லை. அடிப்பதற்குப் பதிலாக அதன் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ஓட்டுவார். அரசாங்கத்தோடும் அவருக்கு இதே உறவுதான், தலைகீழாக. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார், ஒரு உத்தரவையும் கடைப்பிடிக்கமாட்டார்.

அவர் மனைவி ஷுரே மூன்றாவது பிரசவத்தில் குழந்தையோடு போய்விட்டாள். மிச்சம் இருந்தவர்கள் பத்து வயதுப் பெண் ஒப்சே, ஏழு வயதுப் பையன் குதமா. அடுத்த மழைக்காலத்தில் ஹுந்தேவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள். பிள்ளைகளைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். ஒரே அறை உள்ள வீட்டில் எதைத் தனியாக வைப்பது என்று மருத்துவர் சொல்லவில்லை.

அப்போதுதான் தெசாலெங் என்பவர் வந்தார். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் அமைப்பின் ஆள். தோல் சட்டை போட்டவர், எல்லோரையும் "நம்ம ஆளு" என்று கூப்பிடுகிறவர். அந்த வருடங்களில் அவர் கால் படாத ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை.

"பெரிய பிள்ளைகளை யாருங்க எடுப்பா? எல்லாரும் கைக்குழந்தைதானே கேக்குறாங்க," என்றார் ஹுந்தே.

"நம்ம ஆளுக்கு அதிர்ஷ்டம். அமெரிக்காவுல ஒரு குடும்பம். பக்தியான ஜனங்க. அக்கா தம்பியா, விவரம் தெரிஞ்ச பிள்ளைங்களாத்தான் வேணுமாம்."

"ரெண்டையும் பிரிக்கக் கூடாது."

"பிரிக்கிறதா? அவங்க கேக்கறதே ஜோடியாத்தான்."

ஹுந்தே வைத்த நிபந்தனை அது ஒன்றுதான். அதைக் காகிதத்தில் எழுதச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வாயால் சொன்னதை மறுபடி எழுதச் சொல்வது, எதிரில் இருப்பவரைத் திருடன் என்று கூப்பிடுவது போல.

பிள்ளையைக் கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. குடிஃபச்சா என்று அதற்குப் பெயர். பிள்ளையில்லாத வீடு, வசதியுள்ள வீடு, ஆண்பிள்ளைகள் மட்டும் உள்ள வீடு என்று எத்தனையோ வீடுகளில் அப்படி வந்த பிள்ளைகள் வளர்கிறார்கள். கொடுக்கிற நாளில் பெற்றவர் எழுந்து நின்று, "இன்னிலேர்ந்து இது என் பிள்ளை இல்ல, எனக்கு இதுமேல ஒரு பாத்தியதையும் இல்ல" என்று சொல்ல வேண்டும். அது மரியாதை. வாங்குகிறவர் உடனே எழுந்து, "அப்படிச் சொல்லாதீங்க, பிள்ளை ரெண்டு வீட்டுக்கும் பொது, நாமளும் இனி ஒரே குடும்பம்" என்று மறுக்க வேண்டும். அந்த மறுப்பில்தான் ஒப்பந்தமே இருக்கிறது. முதல் பாதியைக் கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவது, விருந்தாளி "போதும் போதும்" என்றதும் அவர் முன்னாலிருந்து இஞ்சேரா அப்பத் தட்டை எடுத்துவிடுவதற்குச் சமம். அப்படி ஒரு வீடு எங்கள் ஊரில் இருந்ததில்லை.

காகிதங்கள் முடிய ஒரு வருடம் ஆனது. காசநோய் குணமாக எட்டு மாதம்தான் ஆனது. மாத்திரைகள் இலவசம். நீதிமன்றத்துக்கு அடிஸ் அபாபா போனபோது ஹுந்தே கன்னத்தில் சதை வைத்து, இரவல் கோட்டு போட்டு, ஒரு கல்யாண மாப்பிள்ளையைப் போல இருந்தார். பிறகு ஏன் கொடுத்தார் என்று எங்கள் ஊரில் பிற்பாடு பலர் கேட்டார்கள். அன்றைக்குக் கேட்டவர் யாருமில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் அது வெகு நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. பிள்ளைகள் படிக்கும், விடுமுறைக்கு வரும். வண்டிக்கார ஹுந்தேவுக்கு அமெரிக்காவில் ஒரு வீடு கிடைக்கும். கொடுத்த வாக்கை உடம்பு தேறிவிட்டது என்பதற்காக மாற்றினால் நன்றாகவா இருக்கும்?

நீதிபதி ஒரு பெண்மணி. தெளிவாகத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளரும் தெளிவாகத்தான் சொன்னார்.

"இதுக்கப்புறம் இந்தப் பிள்ளைங்க மேல உங்களுக்கு எந்த உரிமையும் இல்ல. புரியுதா?"

ஹுந்தே எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "இன்னிலேர்ந்து இதுங்க என் பிள்ளைங்க இல்ல. எனக்கு ஒரு பாத்தியதையும் இல்ல" என்று, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, அழகாகச் சொன்னார்.

நீதிபதிக்குத் திருப்தி. முத்திரை விழுந்தது. ஹுந்தே நின்றுகொண்டே இருந்தார். அமெரிக்கர்கள் சார்பாக வந்திருந்த வழக்கறிஞர் கோப்பைப் பைக்குள் வைத்து மூடினார்.

"உக்காருங்க, முடிஞ்சிடுச்சு," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அவங்க இன்னும் பேசலயே?"

"அவங்க என்ன பேசணும்?"

ஹுந்தேவுக்குச் சங்கடமாகிவிட்டது. அவர்களுக்கு முறை தெரியவில்லை, பாவம், நேரில் வரும்போது சொல்வார்கள் என்று தானே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுவதில் அவர் எப்போதும் கெட்டிக்காரர்.

முதல் மூன்று வருடம் வருடத்துக்கொரு படம் வந்தது. பனியில் இரண்டு பிள்ளைகள். ஒரு நாயோடு இரண்டு பிள்ளைகள். கடைசிப் படத்தின் பின்னால் கிரேஸ், ஈதன் என்று எழுதியிருந்தது. பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் அதைப் படித்துச் சொல்ல என்னிடம் கொண்டுவந்தார்.

"இது யாரு பேரு?" என்றார்.

"உங்க பிள்ளைங்க பேருதாண்ணே. மாத்தியிருக்காங்க."

"சரி, கூப்பிட வசதியா இருக்கணும்ல அவங்களுக்கு," என்றார்.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு சாடி மசாலா வெண்ணெயும், ஒருமுறை கையால் நெய்த கனத்த போர்வையும் தெசாலெங்கின் அலுவலகத்துக்கு அனுப்பினார். உறவென்றால் சீர் உண்டே. வெண்ணெய் அந்த அலுவலகத்தைத் தாண்டிப் போயிருக்காது. போர்வையை ஒரு குளிர்காலத்தில் தெசாலெங்கின் காவல்காரர் போர்த்தியிருந்ததை நானே பார்த்தேன். ஹுந்தேவிடம் சொல்லவில்லை.

காபிக் கடை ஷிப்ரே மட்டும் விடமாட்டாள். "என்ன ஹுந்தேண்ணே, அமெரிக்கச் சம்பந்தி எப்ப வர்றாங்க? ஆடு கிழமாயிடுச்சே!"

"வருவாங்க. கடல் தாண்டி வரணும்ல. உன் சம்பந்தி பக்கத்து அம்போவுலேர்ந்து வரவே மூணு வருஷம் ஆச்சு."

"எங்க சம்பந்திக்கு எங்களத் தெரியும், பிடிக்காது. அதான் லேட்டு. உங்க ஆளுக்கு நீங்க இருக்கறது தெரியுமாண்ணே?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆடு உண்மையிலேயே கிழமாகிவிட்டது. சம்பந்தி வரும்போது அறுக்க நிறுத்தி வைத்த ஆடுதான் அது.

நான்காவது வருடம் படம் வரவில்லை. ஹுந்தே அடிஸ் அபாபா போனார். தெசாலெங் காபி வாங்கிக்கொடுத்து விஷயத்தைச் சொன்னார். பெண்ணுக்கு அந்த வீடு "ஒத்துவரலை". வேறொரு வீட்டில் விட்டிருக்கிறார்கள். அதுவும் நல்ல வீடு. பையன் பழைய வீட்டிலேயே இருக்கிறான், நன்றாக இருக்கிறான்.

"விட்டிருக்காங்கன்னா? விருந்துக்கா?"

"இல்லண்ணே. அவங்களே இனி அப்பா அம்மா. இதெல்லாம் அங்க சகஜம்."

வாங்கிய பிள்ளையை இன்னொருவருக்குக் கொடுப்பது எங்கள் ஊரில் பெயர்கூட இல்லாத குற்றம். யாரும் செய்யாததால் பெயர் தேவைப்படவில்லை. பிள்ளை ஒத்துவரவில்லையென்றால் வந்த வாசலுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதிலும் பெரும் அவமானம் உண்டு, ஆனால் வழி உண்டு. ஹுந்தே பெரியவர்களிடம் முறையிட்டார். அத்திமரத்தடியில் மூன்று ஞாயிறு பஞ்சாயத்து கூடியது. மூன்று முறையும் எதிர்த்தரப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேற்கே பார்த்துத்தான் கூப்பிட்டார்கள், அந்த மட்டில் பூகோளம் சரியாகவே இருந்தது. மூன்றாவது ஞாயிறு, எதிர்த்தரப்பு வராததால், பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் ஒரு பசுவை அபராதமாகக் கட்டவும் தீர்ப்பாயிற்று. அதை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பசுவை விட்டுவிட்டேன். கடிதம் அனுப்ப விலாசம் கேட்டபோது தெசாலெங்கின் அலுவலகம் பூட்டியிருந்தது. அந்த இடத்தில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. குதிரை செத்து வேறு குதிரை வந்தது. பஜாஜ் ஆட்டோக்கள் பெருகின. அரசாங்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கொடுப்பதை ஒரேயடியாக நிறுத்திச் சட்டம் போட்டது. வானொலியில் கேட்டுவிட்டு ஹுந்தே, "நல்ல சட்டம்" என்றார். 

அதே வருடம் ஒப்சே எங்கள் பள்ளியின் முகநூல் பக்கத்தைக் கண்டுபிடித்து எனக்கு எழுதினாள். பத்தொன்பது வயது. ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. எங்கள் மொழியில் எண்கள் மட்டும் ஞாபகம் இருந்தன, பத்து வரைக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் என் கைப்பேசியில் கூப்பிட்டாள். ஹுந்தே குளித்து, அதே மாதிரி ஒரு கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

நடுவில் நான். அவர் கேட்டது இவ்வளவுதான்: "சாப்பிட்டியாம்மா?"

அவள் கேட்டது வேறு. "ரெண்டாவது வீட்டுல எங்கிட்ட கேட்டாங்க, முதல் வீட்டுல என்ன தப்பு பண்ணினேன்னு. எனக்குத் தெரியல. முதல் வீடுன்னு அவங்க நெனச்சது முதல் வீடே இல்லயே. நீங்கதான் முதல். நீங்க சொல்லுங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

அதை நான் அப்படியே சொன்னேன். ஹுந்தே கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. வீட்டுக்கு வந்துடு."

"எந்த வீட்டுக்கு?"

"தம்பி எங்க? உங்கூட இருக்கானா?"

"அவனைப் பார்த்து அஞ்சு வருஷம் ஆச்சு. போன் பண்ணா எடுக்கறதில்ல."

 வைப்பதற்கு முன் அவள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் காட்டினாள். ஏழு என்பதைத் தப்பாகச் சொன்னாள். அவர் திருத்தவில்லை.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வண்டி நின்றது. "வாத்தியாரே, அவங்க சட்டப்படி எடுத்தாங்க. நானும் சட்டப்படியே எடுக்கறேன். பிள்ளைய தத்து எடுக்க எனக்கும் ஒரு மனு எழுதிக் கொடு."

"அண்ணே, பெத்த பிள்ளையத் தத்தெடுக்க முடியாது."

"நான்தான் பெத்தவன் இல்லன்னு முத்திரை குத்தியாச்சே. அப்ப எடுக்கலாம்ல?"

இப்போது இருக்கிற பெயர்களான கிரேஸ், ஈதன் என்றே போட்டு எழுதிக் கொடுத்தேன். அம்போவில் குழந்தைகள் நல அலுவலகத்தில் மெகெர்து என்றொரு இளம் அதிகாரி. கெட்டிக்காரப் பெண். மனுவை இரண்டு முறை படித்தாள்.

"அமெரிக்காவுலேர்ந்தா? நம்ம ஊர்ல இல்லாத பிள்ளைங்களா மாமா?"

"இந்த ரெண்டுதான் வேணும்."

"பொண்ணுக்குப் பத்தொம்போதா? பதினெட்டு தாண்டினா தத்தே கிடையாது." கிரேஸ் என்ற பெயர்மேல் கோடு விழுந்தது. "பையன் பதினாறு. சரி, பார்க்கலாம். உறவுங்கற கட்டம் காலியா இருக்கே?"

ஹுந்தே என்னைப் பார்த்தார். தகப்பன் என்று எழுதினால் மனு செல்லாது. யாருமில்லை என்று எழுதினால் இந்தப் பையனைக் கேட்கக் காரணமில்லை. "தெரிஞ்ச பையன்" என்றார் கடைசியில். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

விதிப்படி வீட்டைப் பார்க்க வந்தாள். அறையை அளந்தாள். ஹுந்தே புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். ஒன்றல்ல, இரண்டு. இன்னொன்று எதற்கு என்று அவள் கேட்டாள். "அக்கா வந்தா படுக்கணும்ல" என்றார். நுரையீரல் சான்றிதழைக் காட்டினார். குதிரையைக்கூட விசாரித்தாள். ஷிப்ரே தன் கடையிலிருந்து மூன்று சுற்றுக் காபி கொண்டுவந்து ஊற்றி, "ரொம்ப நல்ல மனுஷன், எழுதிக்கம்மா" என்று பக்கத்திலேயே நின்றாள். ஊரே எதையோ எதிர்பார்த்தது. என்னவென்று கேட்டால் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. என் வகுப்பறைக்கே கொண்டுவந்தார். நான் படித்தேன். மனு நிராகரிக்கப்படுகிறது. இருப்பிடம் திருப்தி. உடல்நலம் திருப்தி. நடத்தை நன்று. ஆனால் மனுதாரர் ஏற்கெனவே ஒப்சே ஹுந்தே, குதமா ஹுந்தே என்னும் தன் இரண்டு பிள்ளைகளைத் தன் விருப்பத்துடன் துறந்தவர் என்று நீதிமன்றப் பதிவில் காண்பதால், பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர்.

"திரும்பப் படி," என்றார். படித்தேன்.

"'தன் இரண்டு பிள்ளைகள்'னா போட்டிருக்கு?"

"ஆமாண்ணே."

"முத்திரையோட?"

"முத்திரையோடத்தான்."

கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக்கொண்டார். மறுவாரம் எங்கள் ஊரில் கைப்பேசி பழுது பார்க்கிறவனிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டார். அமெரிக்காவில் அந்தப் பிள்ளைகளுக்குப் புதுப் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கின்றன, அவற்றில் வேறு பெயர்கள். பழைய சான்றிதழ்களை தெசாலெங் வாங்கிக்கொண்டு போனவர்தான். அந்த இருவரும் ஹுந்தேவின் பிள்ளைகள் என்று சொல்கிற அரசாங்கக் காகிதம் இன்றைக்கு அவர் கையில் இது ஒன்றுதான்.

வண்டியில் படித்தவர்கள் யாராவது ஏறினால் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டுவார். "படிச்சுப் பாருங்க சார், அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கு." அவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார்கள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, இறங்கும் வரை சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.