அப்பாவின் வாக்குத்தத்த அட்டை

அப்பா எங்களை விட்டுக் கர்த்தரிடம் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னபோது உடனே சரி என்றேன். உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. அப்பாவுக்கு நான் செய்த ஒரு காரியத்தை மறைத்துவிட்டு அப்பாவைப் பற்றி எழுத வரவில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

அப்பா சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டாவது மகனாகப் பிறந்தார்கள். தாத்தா பனையேறியது அடுத்தவர் நிலத்தில். குடியிருந்ததும் அடுத்தவர் நிலத்தில்தான். பெரியப்பா முதலில் திருப்பூருக்கு வந்து, பின்னர் தம்பியையும் வரவழைத்தார்கள். பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் நின்றபடியே அப்பாவின் வாழ்நாள் கழிந்தது. நாங்கள் ஒன்பது வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்தோம். ஒவ்வொரு முறையும் சுவரில் ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் அப்பா அடிப்பார்கள்.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தாம்பாளத்தில் வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்ததுதான் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை. இரண்டாயிரம் பிறந்த அன்று எங்கள் வீட்டுக்கு நான் எடுத்தேன். பெரியப்பா தம் அட்டையை எடுத்து, கண்ணாடி கொண்டுவராததால் படிக்காமலே என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்கள்.

எங்களுடையதில், தண்ணீர்களைக் கடக்கையில் கூட இருப்பேன் என்ற வசனம். பெரியப்பாவுடையதில், ஆபிரகாமை நாலு திசையும் பார்க்கச் சொல்லி, பார்க்கிற நிலமெல்லாம் உனக்கும் உன் சந்ததிக்கும் என்ற வசனம். அந்த வாரம்தான் வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார். அம்மா அழுதுகொண்டிருந்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. அட்டைகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிறு மாலைகளில் அப்பா மங்கலம் சாலையில் ஒரு காலி நிலத்தின் ஓரம் போய் நின்று நாலு திசையும் பார்ப்பார்கள். ஒருநாள் நானும் போயிருந்தேன். நிலத்துக்காரர் வந்துவிட்டார்.

“ஏனுங்க, எதையாச்சும் தொலைச்சுப் போட்டீங்களா?”

“இல்லங்கய்யா. சும்மா பாத்துட்டு நிக்கேன்.”

“நல்லாப் பாருங்க சாமி. பாக்கறதுக்கென்னங்க, வெயில்ல நிக்காம வேம்படிக்கு வாங்க” என்றார் அவர்.

எனக்குத் தலை சுற்றியது. ஆபிரகாமுக்குச் சொன்ன தேசம் எங்கோ இருக்கிறது. அதற்கும் மங்கலம் சாலைக்கும் என்ன சம்பந்தம்? அந்தத் தேசத்தில் ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு என்ன அட்டை விழுந்தது? போதகரிடம் கேட்டேன். அது பரம தேசத்தைக் குறிக்கிறது என்றார். அப்பா அதை ஏற்கவில்லை. “மண்ணுன்னு சொன்னா மண்ணுதான்” என்றார்கள்.

சில ஆண்டுகளில் அந்த நிலம் மனைகளானது. அதில் ஒன்றை வாங்கியது பெரியப்பா. அண்ணன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட அப்பா மனதார ஓடி உழைத்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து, “எங்கிட்டதான் ஏதோ குறை இருக்கு. இல்லன்னா அவர் சொன்ன சொல் தவறுமா?” என்றார்கள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார்கள். பழைய சண்டைக்காரர்களைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள். பாவம் அதுவாக இருக்குமோ என்று கிரிக்கெட் பார்ப்பதைக்கூட நிறுத்தினார்கள். வேதத்தில் அண்ணனின் ஆசீர்வாதத்தைத் தம்பிக்குத் திருப்பிவிட்டது ஒரு தாய். இங்கே மகள். வாயைத் திறக்கத் துணிவில்லாமல் எட்டு ஆண்டுகள் இருந்தேன்.

நுரையீரல் கெட்டு அப்பா படுத்த பிறகு, ஒரு மதியம், “என்ன பாவம்னு மட்டும் தெரிஞ்சா நிம்மதியாப் போவேன்” என்றார்கள். அதற்கு மேல் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அப்பா முழுதும் கேட்டுவிட்டு, “நமக்கு விழுந்ததுல என்ன இருந்துச்சு?” என்றார்கள்.

“தண்ணிக்குள்ள போனாலும் கூட வருவேன், முங்க மாட்டன்னு.”

“முங்குனோமா?”

கம்பெனி மூடிய ஆண்டும் அம்மாவின் ஆபரேஷனும் நினைவுக்கு வந்தன. “இல்லப்பா” என்றேன்.

அப்பா சிரித்தார்கள். இருமல் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை. “எட்டு வருசமா அண்ணன் அட்டைக்கு நான் உபவாசம் இருந்திருக்கேன் பாரு. அதான் அவருக்கு எடம் அமைஞ்சிருக்கு. அந்த அட்டைய அண்ணன்கிட்டயே குடுத்துரு.”

என்னைத் தேற்றச் சொன்னார்களா, உண்மையிலேயே பாரம் இறங்கிச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்த கைக்குத்தான் வாக்கு என்றால் நான் மாற்றியதில் ஒன்றுமே மாறவில்லை. அப்படியானால் அந்த எட்டு ஆண்டுகள் எதற்கு? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான். அடுத்த வாரம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

இரவு பகலாகத் துணை நின்ற பக்கத்து வீட்டு அக்காவுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த கட்டிங் பிரிவு நண்பர்களுக்கும், சபையாருக்கும், அன்று வேம்படியில் அப்பாவுக்கு நிற்க இடம் தந்த நிலத்துக்கார ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

பெரியப்பா, ஓராண்டாக உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிட்டேன். உங்கள் கையிலுள்ள மலரில் மட்டும் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டை இருக்கும். அது உங்களுடையது. எங்களுடையது இன்னும் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து தாருங்கள். அம்மாவும் நாங்களும் பத்தாவது வீட்டுக்கு மாறுகிறோம். அது எங்களுக்கு வேண்டும்.