பால்துரையின் புதுத் துப்பாக்கி

பால்துரைக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். மீசை அரும்பும் வயதில் பட்டாளத்துக்குப் போனவர். ஓய்வு பெற்று வந்ததும் தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்தார். உரிமத்தோடு வைத்திருந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியின் மரப்பிடி விரிசல் விட்டுவிட, போன வருடம் திருநெல்வேலிக் கடையொன்றில் அதே வகையில் புதிது வாங்கினார். வடக்கே எங்கோ புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலையில் செய்தது. குழலின் அடியில், பார்த்துச் சரி என்று குத்தும் சோதனை முத்திரை பளிச்சென்று இருந்தது.

வங்கி திறக்கும் முன் வாசலுக்கு உள்ளே சுவரோரம் நின்று, துப்பாக்கியை மடித்துத் திறந்து தோட்டா போட்டு மூடுவது அவர் வழக்கம். குழல் வாய் தரையைப் பார்த்திருக்கும். விரல் விசைக்கு வெளியே நீண்டிருக்கும். பட்டாளத்தில் பழகிய கை அது.

ஒருநாள் காலையிலும் அப்படித்தான் மூடினார். மூடிய அதே நொடியில் துப்பாக்கி வெடித்தது.

தரை ஓடு சிதறியது. சற்றுத் தள்ளித் தரை துடைத்துக்கொண்டிருந்த பேச்சி, என்ன நடந்தது என்று புரியாதவளாய்த் தன் இடது காலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். தோட்டாவிலிருந்த ஈய ரவைகள் தரையில் பட்டுத் தெறித்து அவள் பாதத்தில் ஏறியிருந்தன. பால்துரை மிச்சத் தோட்டாவை எடுத்து வெளியே போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டால் அவள் காலைக் கட்டினார். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும்வரை கட்டிய இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தார். அங்கே அவளுடைய கால் விரல்கள் இரண்டை எடுத்துவிட்டார்கள்.

கவனக்குறைவாகச் சுட்டுக் காயப்படுத்தியதாக வழக்கு பதிவானது. துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. வேலையும் நின்றது. மேலாளர் ஜெயலக்ஷ்மி கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில், "உங்களை அறியாம விரல் பட்டிருக்குமோ, பால்துரை?" என்று மட்டும் கேட்டார்.

"படலைம்மா."

அந்தப் பதிலையே பால்துரை இன்ஸ்பெக்டரிடமும் சொன்னார், அக்கம்பக்கத்தாரிடமும் சொன்னார். நாலு நாள் கழிந்தபோது அவருக்கே அதில் உறுதி குறையத் தொடங்கியது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையை நீட்டி, துப்பாக்கியை மூடுவதுபோல் அசைத்து, ஆள்காட்டி விரல் எங்கே போகிறது என்று பார்ப்பார். மனைவி சண்முகத்தாய் தினமும் அதைப் பார்த்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்தப் புள்ளையப் போயிப் பாத்துட்டு வாங்க. இங்கன இருந்து கைய ஆட்டுனா ஆச்சா?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனார். பேச்சி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார்.

"மன்னிச்சிரு பேச்சி. எப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியலை. விரல் பட்டுச்சோ என்னமோ."

"படலை அண்ணாச்சி," என்றாள் பேச்சி. "நான் உங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தினமும் பாப்பேன். அது மூடுத சத்தம் கேட்டாத்தான் எனக்கு அந்தப் பக்கம் துடைக்க வரலாம்னு அர்த்தம். உங்க விரலு வெளியதான் இருந்துச்சு. போலீசு வந்தா இதத்தான் சொல்லுவேன்."

பால்துரை அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் கலங்கியது. ஆனால் மறுபடி நிமிர்ந்தபோது வேறொரு நினைப்பு வந்து அவரை உலுக்கியது. தப்பு துப்பாக்கியில் என்றால், அதே இடத்தில் செய்த மற்றத் துப்பாக்கிகள் யார் யார் கையில் இருக்கின்றன?

மறுநாளே திருநெல்வேலிக் கடைக்குப் போனார். கடைக்காரர் முதலில் பிடி கொடுக்கவில்லை. பேச்சியின் காலைப் பற்றிச் சொன்னதும் வாய் திறந்தார். அதே சரக்கில் இன்னொன்று, திருச்செந்தூரில் நகைக்கடைக் காவலுக்கு இருக்கும் செந்தில்முருகன் வாங்கியிருந்தார். அவரும் பட்டாளத்துக்காரர்தான்.

பால்துரை திருச்செந்தூருக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் செந்தில்முருகன் சிரித்தார். "என் துப்பாக்கி ஒரு தொந்தரவும் குடுக்கலையே அண்ணாச்சி."

"எனக்கும் அன்னைக்குக் காலம்பற வரைக்கும் குடுக்கலை. தோட்டாவ எடுத்துட்டு வெறுமன மூடிப் பாப்பம், தம்பி."

நகைக்கடைக்குப் பின்னால் ஆளில்லாத முற்றத்தில் நின்று, குழல்கள் காலியா என்று இருவரும் பார்த்துக்கொண்டார்கள். செந்தில்முருகன் திறந்தார், மூடினார். ஒன்றும் இல்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. வெயில் ஏறியது. "போதும் அண்ணாச்சி, கடைக்கு ஆளு வார நேரம்," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை மூடினார். உள்ளே 'டக்' என்று, தோட்டாவை அடிக்கும் சுத்தி விழுந்தது. விசைக்கு அருகில்கூட விரல் இல்லை.

செந்தில்முருகன் துப்பாக்கியை மெல்லச் சுவரில் சாய்த்தார். அன்று காலைதான் அவருடைய மகள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்து, அவர் பக்கத்தில் நின்று பேசிவிட்டுப் போயிருந்தாள்.

இருவரும் போலீசில் ஒப்படைக்க, அந்தத் துப்பாக்கியும் சோதனைக்குப் போனது. சில மாதங்கள் கழித்து இன்ஸ்பெக்டர் பால்துரையைக் கூப்பிட்டுச் சொன்னார். "சுத்தியப் பிடிச்சு நிறுத்துற சின்னக் கொக்கி இருக்குல்ல, அதக் காய்ச்சிக் கெட்டிப்படுத்திப் பதம் ஏத்தவே இல்லையாம். பச்சை இரும்பு. நாளாக நாளாக முனை மழுங்கி வழுக்கியிருக்கு. ரெண்டுலயும் அதே குறை."

"முத்திரை இருந்துச்சே சார்."

"முத்திரை குத்தியிருக்காங்க. பாத்துட்டுக் குத்துனாங்களான்னு அவங்கதான் சொல்லணும்."

வழக்கு அவர்மேல் இருந்து விலகித் தொழிற்சாலை மேல் திரும்பியது. விற்றதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்வதாகத் தொழிற்சாலை அறிவித்தது. எல்லாம் வந்து சேர்ந்தனவா என்பது பால்துரைக்குத் தெரியாது.

வங்கியில் திரும்பக் கூப்பிட்டார்கள். வேறு துப்பாக்கி தருவதாகவும் சொன்னார்கள். "வேண்டாம்மா. இனி அத மூட மனசு வராது," என்றார் ஜெயலக்ஷ்மியிடம். இப்போது துறைமுகச் சாலையில் கன்டெய்னர் யார்டு ஒன்றின் வாசலில் விசிலோடு நிற்கிறார். பேச்சி வங்கிக்கே திரும்பிவிட்டாள். நடையில் சாய்வு உண்டு. ஈரத் தரையில் மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.