ஒரு கோடு விஷம்

ஞானசிகாமணி சார் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் பாறசாலைப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் அவர் உருவாக்கிய சோதனைப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். மாரடைப்பாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை, மன்னிக்க வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூஞ்சை பிடித்த கொப்பரையில் ஊறும் நஞ்சைச் சில நிமிடங்களில் காட்டும் காகிதப் பட்டையை எங்கள் ஆய்வகத்தில் உருவாக்கியவர் அவர். சக ஊழியையான என்னையும் வெயிலில் இழுத்துக்கொண்டு களம் களமாக அலைந்தார்.

குளத்தூரில் தங்கம்மை அக்கா கொப்பரை காய வைப்பவர். பூஞ்சைக்கு அங்கே பூப்பல் என்று பேர். முதல் நாள் அக்கா சொன்னார்: “சாறே, பூப்பல துணியால துடைச்சு, ரெண்டு வெயிலும் காட்டியாச்சு. பின்ன என்ன?”

“பூப்பல் போச்சு அக்கா, விஷம் போவல்ல. உள்ள உண்டு.”

சார் கொப்பரையை இடித்துக் கரைத்துப் பட்டையை நனைத்தார். ஒரே கோடு விழுந்தது. அக்கா சிரித்துவிட்டார். “ஒத்தக் கோடுதானே! கொரோனாவுக்கு ஒத்தக் கோடு வந்தா ஒண்ணும் இல்லேன்னு நர்சு சொன்னாவளே!”

எங்கள் பட்டை நேர் எதிர். நஞ்சு இருந்தால் ஒரு கோடு மறைந்துவிடும். இரண்டும் தெரிந்தால்தான் நல்லது. பெட்டியின் மேல் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி அச்சிடுங்கள் என்று சார் அன்றே மேலிடத்துக்கு எழுதினார். ஆங்கிலக் குறிப்பே போதும் என்று பதில் வந்தது. மூன்று வருஷம் விடாமல் எழுதினார். அதற்கிடையில் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு பெட்டியிலும் தன் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டினார்: ‘ஒரு கோடு விஷம். இரண்டு கோடு நல்லது.’

சென்ற மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் கிடந்த வாரம், சீட்டில்லாத பெட்டிகள் களங்களுக்குப் போயின. அக்காவின் பக்கத்துக் களத்தில் ஒற்றைக் கோட்டை நம்பிக் கொப்பரையைச் செக்குக்கு அனுப்பினார்கள். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற இரண்டு கன்றுகள் செத்தன. விசாரணை அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? பயன்படுத்தியவர்களின் கவனக்குறைவு!

அதிர்ந்து பேசாத மனிதர் அன்று மேசையைத் தட்டினார். “இங்கிலீசு தெரியாதது அவிய குத்தமா? எழுதிக் குடுக்காதது நம்ம குத்தமாக்கும்!” அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தார். களப்பணியிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். இனிச் சீட்டு ஒட்டக் கூடாது என்றும் உத்தரவு வந்தது.

அடக்கத்துக்குப் போனேன். திருச்சபை ஆலய வாசலில் அலுவலகம் கட்டிய பெரிய ஃபிளெக்ஸ். அவர் படத்துக்குக் கீழே தமிழிலும் மலையாளத்திலும் கண்ணீர் அஞ்சலி. மூன்று வருஷம் கேட்டும் கிடைக்காத இரண்டு மொழியும், அவர் செத்ததும் ஒரே நாளில் கிடைத்துவிட்டன.

எல்லாரும் கலைந்தபின் அதை நானே அவிழ்த்தேன். பின்புறத்து வெள்ளையில் அவருடைய வரியை இரண்டு மொழியிலும் எழுதினேன். இப்போது அது தங்கம்மை அக்காவின் களத்தில் தொங்குகிறது.

சார், இன்று காலை அங்கே ஒற்றைக் கோடு விழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கொப்பரை முழுவதையும் குழி வெட்டிப் புதைத்துவிட்டார். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள். கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.