காரணத்தை எழுதிக் கொடுங்கள்

பதினைந்து வயதில் நீங்கள் என்ன படிக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்? நீங்களா? அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் மருத்துவமனையில் ‘எக்ஸ்ரே அக்கா’ என்றால் தெரியாதவர் கிடையாது. பேர்தான் எக்ஸ்ரே, வேலை கடைநிலை உதவியாளர். பதினெட்டு வருடமாகச் சீட்டை வாங்குகிறார், சங்கிலியையும் தோட்டையும் கழற்றச் சொல்கிறார், எந்தப் பக்கம் கையைத் திருப்பினால் தோள்மூட்டு தெளிவாக விழும் என்று பார்த்து நோயாளியை நிறுத்துகிறார். புதிதாக வரும் டெக்னீஷியன்கள், “அக்கா, இது சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார்கள். அந்தப் பொத்தானை அவர் தொடக்கூடாது. பதினொன்றாம் வகுப்பில் அவர் இயற்பியல் படிக்கவில்லை.

“அமுக்கத்தான் எனக்குப் படிப்பு பத்தல. மத்ததுக்கெல்லாம் பத்துது” என்பார்.

பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணில் அறிவியல் பிரிவுக்கு ஒன்பது குறைந்தது என்று அவரை வரலாற்றுப் பிரிவில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். வரலாறு அருமையான படிப்பு. அதை மதிப்பெண் குறைந்தவர்களைக் கொட்டும் குப்பைக்கூடை ஆக்கினார்களே, அவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

இந்த வருடம் அவர் மகளின் முறை. டெக்னீஷியன் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. கணக்கிலும் அறிவியலிலும் நன்றாகவே வாங்கியிருந்தாள். மொழிப் பாடத்தில் சறுக்கியதால் மொத்தத்தில் பதினான்கு குறைந்தது. பள்ளியிலிருந்து படிவம் வந்தது. பிரிவு என்ற இடத்தில் ஏற்கெனவே ‘வரலாறு’ என்று எழுதியிருந்தது. பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் பெருக்கல் குறி.

அந்தப் படிவத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். இரண்டாம் நாள், ஒரு பெரியவரிடம் “மூச்ச இழுத்துப் பிடிங்க” என்றவர், விடச் சொல்ல மறந்துவிட்டார். பெரியவர் முகம் சிவந்துபோய், “ஏம்மா, படம் புடிக்க வந்தேனா, பாடை கட்ட வந்தேனா?” என்று கத்தினார். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்காவால் சிரிக்க முடியவில்லை.

கடைசி நாள் மூன்று மணிக்குப் பள்ளி அலுவலகம் மூடிவிடும். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினார். வாசலில் மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, விட்டுடேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடலாம். எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். கண்ணு எதுக்கு இருக்கு?”

சொல்லிக்கொண்டே உள்ளே போனார். தலைமையாசிரியை கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே இயற்பியல் ஆய்வகத்தின் ஜன்னல். உள்ளே மேசைகள் மேல் முக்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தூசி படிந்த முக்காலிகள்.

“சயின்ஸ் குரூப்ல இடம் இல்லம்மா” என்றார் தலைமையாசிரியை.

“லேப்ல பதினோரு முக்காலி சும்மா கெடக்குதே, மேடம்?”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “சரி, வெளிப்படையாவே சொல்றேன். உங்க பொண்ணு ஃபெயிலானா எங்க ரிசல்ட் என்னாகும்?”

ஆக, பிள்ளைக்காகப் பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடத்தின் விழுக்காட்டுக்காகப் பிள்ளை! இந்த நியாயத்தைக் கேட்டுத்தான் எத்தனை பேர் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். பழக்கம்தான் கைகொடுத்தது.

“எங்க ரூம்ல சீட்டு இல்லாம படம் எடுக்க மாட்டோம், மேடம். எடுக்க முடியாதுன்னாலும் ஏன்னு சீட்டுலயே எழுதித் தருவோம். நீங்களும் எழுதிக் குடுங்க. இயற்பியல் தர முடியாது, காரணம் இதுன்னு. கீழ உங்க கையெழுத்து.”

தலைமையாசிரியை பேனாவை எடுத்தார். மகளின் பெயரை எழுதினார். பேனா அங்கேயே நின்றது. இடமில்லை என்று எழுதினால் முக்காலிகள் இருக்கின்றன. தோற்பாள் என்று எழுதினால், தேர்வே நடக்கவில்லை. எழுத்தர் கதவருகே வந்து, “மேடம், மூடணும்” என்றார். மகள் அழத் தயாராக இருந்தாள்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுப் படிவம் ஒன்றை நீட்டினார் தலைமையாசிரியை. “முதல் பரீட்ச வரைக்கும் பாப்பேன். தேறலன்னா மாத்திடுவேன்.”

மகள் தன் கையாலேயே ‘அறிவியல்’ என்று எழுதினாள். அக்கா கையெழுத்துப் போட்டார், கோணலாக.

பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. “தேறாட்டி என்ன பண்றது?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தேறாவிட்டால் அப்போதும் காரணத்தை எழுதித் தரச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

உங்கள் தெருவிலும் யாரோ ஒருவர் பையில் இப்படி ஒரு படிவம் மடங்கிக் கிடக்கும். தேடிக் கண்டுபிடியுங்கள். அந்தப் பிள்ளையோடு பள்ளிக்கூடத்துக்கு நீங்களும் போங்கள். மறுத்தால், காரணத்தை எழுதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.