ஒற்றைக் கைக் கிரேன்

நீலப் பாஸ்டலால் அழுத்தி அழுத்திக் கீறிய படம் அது. நிமிர்ந்து நிற்கும் ஓர் உடம்பு, அதன் உச்சியிலிருந்து வலது பக்கமாக மட்டும் நீண்டு போகும் ஒரு கை. கை தாளின் விளிம்பைத் தொட்டும் அவளுக்குத் திருப்தி வரவில்லை. பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டி, அதிலும் பாதித் தூரம் கையை இழுத்துவிட்டிருந்தாள். கைக்குக் கீழே ஒரு சின்னக் கூண்டு, கூண்டுக்குள் அடர்ந்த மீசையோடு ஒரு முகம். கீறியவளுக்கு ஒன்பது வயது. பெயர் வேண்டாம், கார்னிவல் வேலை முடியும் வரைக்கும் நாங்கள் எல்லோரும் அவளைக் கிரேன் பிள்ளை என்றுதான் கூப்பிட்டோம்.

நான் அப்போது ஆடை வடிவமைப்புப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தை முழுக்கத் துணி வெட்டுத் துண்டுகள். அம்மா விளக்குமாற்றோடு வந்து நின்று, "நீ படிக்கிறியோ, கிழிக்கிறியோ? எனக்கெண்டால் விளங்கேல்ல" என்பார். கடைசி வருடத்து வேலையாக ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தைத் தந்தார்கள். பிள்ளைகள் உடைகளைக் கற்பனை செய்து கீற வேண்டும், நாங்கள் அவற்றைத் தைத்துக் கொடுக்க வேண்டும். அந்த உடைகளோடு பள்ளிக் கார்னிவலில் பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள், பரீட்சகர்கள் வந்து பார்த்துப் புள்ளி போடுவார்கள். எங்கள் விரிவுரையாளர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: பிள்ளை கீறியதைத் திருத்தாதீர்கள், உங்கள் வேலை வெட்டுவது மட்டும். நாங்கள் தலையாட்டினோம். தலையாட்டுவதற்கு என்ன, காசா பணமா?

எனக்குக் கிடைத்தது கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளி. 'எங்கட ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். மீன்கள் வரும், கோயில் கோபுரம் வரும், கடல் வரும், மினுங்கும் துணியெல்லாம் பாவிக்கலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. வந்ததோ வேறு. ஒருத்தன் பஸ் கீறினான், வாசலில் தொங்குகிற ஆட்களோடு. ஒருத்தி காகம். இன்னொருத்தன் பாட்டுப் போட்டபடி தெருத் தெருவாக ரொட்டி விற்று வருகிற சூன் பாண் முச்சக்கர வண்டி. அது போகும்போது பாட்டும் கேட்க வேண்டுமாம். கடைசி வாங்கில் இருந்தவன் தாள் முழுவதையும் கறுப்பாகத் தேய்த்துத் தந்தான். என்னடா இது என்று கேட்டேன். "கரண்ட் போயிருக்கு மிஸ்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பரீட்சகர்களுக்கு முன்னால் 'கரண்ட் கட்'டை எப்படி நடக்க விடுவது?

கிரேன் பிள்ளை மட்டும் தாளைத் தந்துவிட்டுப் போகவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவளுடைய வீடு ஜிந்துப்பிட்டியில், குறுக்கு ஒழுங்கை ஒன்றின் மேல்மாடியில். தகரக் கூரைக்கு மேலால் எட்டிப் பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியுமாம். அவற்றில் ஒன்றை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா. எந்நேரமும் ஷிஃப்ட். விளையாட்டுப் போட்டிக்கும் வந்ததில்லை, பரிசளிப்புக்கும் வந்ததில்லை. இந்தக் கார்னிவலுக்குத்தான் முதல்முறையாக அரைநாள் லீவு கேட்டு எடுத்திருக்கிறார். மகள் அவரோடு ஒரு பந்தயமும் கட்டியிருந்தாள். "நான் உங்கட கிரேனா வருவேன், நீங்களே என்னக் கண்டுபிடிக்கணும்னு சொல்லிட்டேன் மிஸ். முகம் தெரியக்கூடாது. தெரிஞ்சா லேசாக் கண்டுபிடிச்சிருவாரு" என்றாள். வலை போட்டு முகத்தை மறைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ஒரு வாக்கை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

நீலத் துணி வாங்கப் புறக்கோட்டைக்குப் போனேன். "நங்கீ, மொனவத ஓனே?" என்று, தங்கச்சிக்கு என்ன வேண்டும் எனக் கேட்ட கடைக்கார முதலாளிக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கிரேன் நீலத்தை விளக்க முயன்று, கடைசியில் அவர் இடுப்பில் கட்டியிருந்த சறத்தின் கரையைக் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டு அதே நீலத்தில் ஒரு துணிக்கட்டை இறக்கினார். வீட்டுக்கு வந்து விறாந்தையில் துணியை விரித்து, இரண்டாக மடித்தேன். துணி வெட்டுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். உடம்பின் இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று பாதி உருவத்தை மட்டும் வரைந்து, மடிப்பு விளிம்பில் வைத்து வெட்டுவோம். விரித்தால் முழுசாக வந்துவிடும். அன்றும் அப்படியே வெட்டினேன். விரித்தபோது கிரேனுக்கு இரண்டு கைகள்.

படத்தில் ஒரு கைதான் இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தாள் முன்னால்தான் கிடந்தது. ஆனால் விரித்துப் போட்ட துணி அழகாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வருடம் நான் வெட்டியவற்றில் ஆக அழகானது அதுதான். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கை விரித்த அந்த நீலத்தைப் பார்த்ததும் பரீட்சகர்கள் தலையசைப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு காரணங்கள் தானாக வந்தன. ஒரு கை என்றால் பாரம் ஒரு பக்கம் இழுக்கும், பிள்ளையின் தோள் நோகும். பிள்ளைக்கு மற்றப் பக்கம் கீறத் தாள் போதாமல் போயிருக்கும். ஒட்டுத் தாள் வைத்துக் கை கீறிய பிள்ளைக்குத் தாள் போதாமல் போயிற்றாம்! என்னைப் போல ஒரு கெட்டிக்காரி வேறு எங்கே கிடைப்பாள்? மீசை முகத்தோடு இருந்த கூண்டையும் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். பிரம்பை வளைத்து இரண்டு கைகளுக்கும் சட்டம் கட்டி, மேலால் துணியை இழுத்துத் தைத்தேன்.

கார்னிவலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எல்லோருக்கும் போட்டுப் பார்த்தோம். காகம் துள்ளியது. பஸ்ஸிலிருந்து தொங்கிய, றிஜிஃபோம் நுரை அட்டையில் வெட்டிய ஆட்களில் ஒருவர் கழன்று விழ, பஸ் கீறியவன் அவரைத் தூக்கித் தூசி தட்டி மறுபடி தொங்கவிட்டான். கிரேன் பிள்ளை தன்னுடையதைத் தொட்டுப் பார்த்தாள், சுற்றி வந்தாள், திரும்பவும் முன்னால் வந்து நின்றாள்.

"இது யார்ட கிரேன் மிஸ்?"

"உன்ட தான். வேற ஆற்ற?"

"என்ட கிரேனுக்கு ஒரு கைதான் மிஸ். கடல் பக்கம் மட்டும்தான் கை நீளும். கப்பல் அங்கதானே நிக்கும்."

நான் பாரத்தைப் பற்றிச் சொன்னேன், தோள் நோவைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "பின்னால பாரம் வெக்கலாம் மிஸ். நெசக் கிரேனுக்கும் பின்னால பாரம் இருக்கு, அதாலதான் கவுறாது. அப்பா சொன்னாரு. ரெண்டு தண்ணிப் போத்தல் கட்டினாப் போதும்" என்றாள். அவள் சொன்னது சரி. சொன்ன மாத்திரத்திலேயே சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடம் படித்த எனக்கு வராத யோசனை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வந்துவிட்டதே என்று ஒரு எரிச்சல் ஏறியது. "பெரிய எஞ்சினியர் வந்திட்டா! எல்லாரும் எழும்பி நில்லுங்கோ" என்றேன். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சிலர் உண்மையாகவே எழும்பி நின்றார்கள். அவள் முகம் சிறுத்துப் போயிற்று. கைகளைத் தூக்கச் சொன்னபோது தூக்கினாள், திரும்பச் சொன்னபோது திரும்பினாள். நான் குண்டூசி குத்தி அளவு பார்த்தேன்.

ஒரு கையைக் கழற்றி, பின்பக்கம் பாரம் கட்ட எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? கூடிப்போனால் ஒரு மணித்தியாலம். இனி மாற்ற நேரம் இல்லை என்று, உடையைக் கழற்றும்போது பிள்ளைக்குச் சொன்னேன். அன்று பின்னேரமே தோழிகளோடு காலிமுகத்திடல் கடற்கரைக்குப் போய் இறால் வடை சாப்பிட்டேன். மூன்று வடை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தாலும் துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் நின்று சாப்பிட்டேன்.

கார்னிவல் நாள் நல்ல வெயில். மைதானத்தைச் சுற்றிக் கடைகள், ஒலிபெருக்கியில் பாட்டு, ஐஸ் பக்கெட்டோடு ஓடும் சின்னதுகள். கதிரை போட்டுப் பரீட்சகர்கள் மூவர் இருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கறுப்புத் துணிக்குள் கண் தெரியாமல் தடுக்கித் தடுக்கி வந்த கரண்ட் கட்டுக்குத்தான் ஆகப் பெரிய கைதட்டு. கிரேன் பிள்ளை நடுவில் வந்தாள். காற்று இரண்டு நீலக் கைகளிலும் ஏறித் துணி புடைத்து நின்றது. பரீட்சகர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டிக் காட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்லவில்லை. அவள் நடந்த விதத்தை மட்டும் அப்போதே கவனித்தேன். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் முன்னால் பார்த்து நடக்க, அவள் ஒருத்திதான் தலையைத் திருப்பித் திருப்பிச் சனத்துக்குள் தேடிக்கொண்டு போனாள்.

ஊர்வலத்தின் தலை மறு கோடியில் மண்டபத்துக்குள் நுழையும்போது ஒருவர் என்னருகே வந்தார். தடித்த சப்பாத்து, கைக்குள் மடித்த ஆரஞ்சு நிற வேலை ஜாக்கெட். யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கூண்டுக்குள் கீறியிருந்த மீசை அப்படியே வந்து நின்றது.

"மிஸ், பிள்ளைங்க இவ்வளவுதானா? எங்கட மகள் கிரேனா வாறன்னு சொன்னா. நானும் முதல்லயிருந்து பாத்துட்டுத்தான் நிக்கிறேன். பஸ் போச்சு, காக்கா போச்சு, நீல ஏரோப்ளேன் ஒன்னு போச்சு. கிரேன் இன்னும் வரல்லையே?"

மைதானத்தின் மறு பக்கத்தைக் கையால் காட்டினேன். வாசலுக்குள் நுழைய முடியாமல் அந்த இரண்டு கைகளும் நிலையில் முட்ட, யாரோ அவளைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அதுதான் அண்ணே. அதுதான் உங்கட பிள்ளை" என்றேன். அவர் பார்த்தார். பார்த்து முடிவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். இருபது வருடமாகக் கிரேன் ஓட்டுகிற மனிதர் இதைப் பார்த்து என்ன சொல்லப் போகிறார் என்று காத்து நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மிஸ்" என்றார். மணிக்கூட்டைப் பார்த்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, மகள் வெளியே வரும் வரை நிற்க முடியாது. நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார். "பிள்ளை கேட்டா, அப்பா கண்டுபிடிச்சிட்டாருன்னு சொல்லுங்க. கண்ட உடனேயேன்னு சொல்லுங்க." ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசல் பக்கமாக வேகமாகப் போனார்.

மண்டபத்துக்குள் வேர்வை மணமும் கூச்சலுமாக இருந்தது. அவள் உடையைக் கழற்றாமலே என்னிடம் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் ஒரு கை காகத்தின் கழுத்தில் இடித்தது.

"அப்பா வந்தாரா மிஸ்? கண்டுபிடிச்சாரா?"

"வந்தவர். கண்ட உடனேயே கண்டுபிடிச்சிட்டார்" என்றேன், அவர் சொல்லித் தந்தபடியே.

வலைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். "எந்தக் கையப் பாத்து மிஸ்?"

கேலியாகக் கேட்கவில்லை. அப்பா எந்தப் பக்கத்தைக் கடல் பக்கம் என்று எடுத்துக்கொண்டார் என்பது அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. குனிந்து முதுகுப் பக்கத்து நாடாவை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்த்துக்கொண்டே, "அப்பாவுக்குத் தெரியேல்லடா. ஏரோப்ளேன் எண்டு நினைச்சிட்டார். நான் காட்டின பிறகுதான் கண்டவர். பிழை அவரில இல்ல, என்னில" என்றேன். அவளுடைய தோள்பட்டையில் பிரம்பு அழுத்திய இரண்டு சிவந்த கோடுகள் இருந்தன, இரண்டு பக்கமும் ஒரே அளவில். அவள் அழவில்லை. விரல் மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப அடுத்த வருஷமும் அப்பா லீவு கேக்கணும்" என்றாள். "நீங்க ஒரு கை மட்டும் வெச்சுத் தைச்சுத் தாங்க மிஸ், சரியா?"

"சரி" என்றேன்.

அடுத்த வருடம் அந்தப் பள்ளிக்கு வேறு மாணவிகள் போனார்கள். கிரேனுக்கு எனக்கு நல்ல புள்ளி கிடைத்து, நான் படிப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டிருந்தேன்.