சபாத்தோவின் ஒரு பக்கச் சிவப்பு

என் கொழுந்தன் சபாத்தோ ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். அதற்குப் பிறகும் எதற்கும் காத்திருந்ததில்லை. பாலாடைக்கட்டி உறைவதற்குள் வழித்துத் தின்பான். பாதிரியார் பூசையை முடிப்பதற்குள் 'ஆமென்' சொல்லி வாசலைத் தாண்டிவிடுவான். இத்தனை வருஷமும் அவனுக்குச் சமைத்துப் போட்டவள் நான், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அப்பேர்ப்பட்ட அவசரக்குடுக்கை ஆசைப்பட்டது எர்சீலியாவை. விதவை, அன்னூர்க்கா ஆப்பிள் வளர்ப்பவள், நின்று நிதானித்துத்தான் தும்முவாள். அந்தப் பழம் ஆளை அப்படி ஆக்கிவிடும். ரோமாபுரிக் காலத்திலிருந்து எங்கள் மண்ணில் இருக்கிறது, இன்னும் மரத்தில் ஒழுங்காகச் சிவக்கத் தெரியாது. காம்பு அத்தனை நோஞ்சான். விழுந்து அடிபடுமுன் பச்சையாகவே பறித்து, வைக்கோல் படுக்கையில் பரப்பி, தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயில் பட்ட கன்னம் சிவந்ததும் ஒவ்வொன்றாகக் கையால் புரட்டி, பச்சைக் கன்னத்தை மேலே வைக்க வேண்டும்.

அறுவடை முடிந்ததும் சபாத்தோ அவளிடம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டே விட்டான்.

"படுக்கை முழுக்கச் சிவக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அக்டோபரில் ஒருநாள் படுக்கை முழுவதையும் புரட்டிவைத்துவிட்டு, தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை இவனிடம் கொடுத்து, தங்கையைப் பார்க்க பெனவென்தோ போனாள். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவனுக்கு ஆக்கவே பொறுக்காது. ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தான். அடியில் சிவப்பு!

"அண்ணி, எல்லாம் சிவந்தாச்சு! இவ தலைகீழா வெச்சுட்டுப் போயிருக்கா!" என்று ஓடிவந்தான்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதுகூடத் தெரியாதா? தெரியும். கல்யாண ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அத்தனை பழத்தையும் திருப்பி வைத்துவிட்டு, அவள் வரும்வரை வெயிலில் குனிந்து குனிந்து தண்ணீர் தெளித்தான்.

எர்சீலியா வந்து ஒரு பழத்தைப் புரட்டினாள். அடியில் பச்சைப் பசேல். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சம்பந்தமும் போனால் ஆயுசுக்கும் இவனுக்கு நான்தானே பொங்கிப் போட வேண்டும்!

அவள் பழத்தைப் பார்த்தாள். இவன் பிடரியைப் பார்த்தாள். வெயிலில் கன்றிச் செங்கல் நிறம். முகமோ குனிந்தே கிடந்ததில் வெளுத்திருந்தது.

"யோவ், நீயும் ஒரு பக்கம்தான் சிவந்திருக்கே. மல்லாந்து படு. ரெண்டும் சேர்ந்து சிவக்கட்டும்."

வைக்கோல் ஓரமாகப் படுத்தான். தினமும் படுத்தான். அவரைக்காய்ச் சாற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நவம்பரில் புனித மார்ட்டின் திருநாளன்று எர்சீலியா கடைசிப் பழத்தைப் புரட்டிப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். "சரி" என்றாள்.

நான் வேலியைத் தாண்டி ஓடினேன். "எழுந்திருடா, சரின்னுட்டா! கோவிலுக்குப் போய்ச் சொல்லணும்!"

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"அதுக்குள்ள என்ன அவசரம் அண்ணி? இந்தக் கன்னம் இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே."