கயிற்றின் மறுமுனை

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றால், சமைத்தவரிடமே சொல்லி எங்கள் மானத்தை வாங்குவாள். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். இது அவளுக்கு நடந்தது. அவள் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

அக்காவும் அத்தானும் கடலோர வீடுகளுக்குப் படகுத்துறை கட்டித் தருகிறார்கள். கரை சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவரும் எழுப்புவார்கள். அத்தான் தண்ணீருக்குள் இறங்கித் தூண்களைப் பார்ப்பார். அக்கா மேலே நின்று அவர் கயிற்றைப் பிடிப்பாள். ஒரு இழுப்பு என்றால் 'நலம்'. இரண்டு என்றால் 'இன்னும் கொஞ்சம் கயிறு விடு'. மூன்று என்றால் 'மேலே வா'. பதினொரு வருடக் குடித்தனத்தில் அந்தக் கயிற்றில்தான் தாங்கள் சண்டையில்லாமல் பேசிக்கொள்வதாக அக்கா சொல்வாள்.

அன்று போனது ஒரு காலி வீடு. புதிதாக வாங்கியவர் வெளியூரில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் பழைய மரத் தடுப்புச் சுவர், அதை ஒட்டி ஒரு படகுத்துறை. கடற்புழு அரித்த தூண்கள் எத்தனை, தேறுபவை எத்தனை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மதியத்திலிருந்தே பனிமூட்டம். துறையின் இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியவில்லை.

"நாளைக்குப் பாத்துக்கலாமே," என்றாள் அக்கா.

"கீழ எப்பவும் இருட்டுதான். மூட்டம் என்னை என்ன செய்யும்?"

இடுப்புப் பட்டையில் கயிற்றின் கொக்கியை மாட்டிக்கொண்டு அத்தான் இறங்கினார். மணி 3.50. சின்ன சிலிண்டர். நாற்பது நிமிடத்துக்குத்தான் காற்று.

4.05. அக்கா ஒருமுறை இழுத்தாள். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தது.

4.15. மறுபடி இழுத்தாள். பதில் வந்தது. ஆனால் உடனே வந்தது... அவள் இழுத்து முடிக்கும் முன்பே.

அப்போதுதான் கவனித்தாள். கயிறு கடல் பக்கம் போகவில்லை. சுவரின் அடியை நோக்கி, கரைப் பக்கமாக விறைத்து நின்றது. சுவரைத்தான் பார்க்கிறார் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

4.22. நீர்க்குமிழிகளைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. தூண்களில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும். சளக்... சளக்...

மூன்று முறை இழுத்தாள். மேலே வா.

ஒரு இழுப்பு. நலம்.

மறுபடி மூன்று.

நலம்.



4.27. பலகையில் காலடிச் சத்தம். முதுகுக்குப் பின்னால்.

"யாருக்குக் கயிறு இழுத்துட்டு இருக்க?"

அத்தான். உடை மாற்றியிருந்தார். தலைமுடி பாதி காய்ந்திருந்தது.

"நீங்க... எப்ப ஏறினீங்க?"

"அப்பவே. கொக்கி ரெண்டு தூணுக்கு நடுவுல சிக்கிடுச்சு. கழட்டி விட்டுட்டு அந்தப் பக்க ஏணில ஏறிட்டேன். வண்டிக்குப் போறேன்னு குரல் குடுத்தேனே. நீகூட 'ம்'னு சொன்ன."

அக்கா எந்தக் குரலையும் கேட்கவில்லை. 'ம்' என்றும் சொல்லவில்லை.

அவள் கையில் கயிறு ஒருமுறை இழுபட்டது.

"அலை இழுக்குது," என்று சிரித்தார் அத்தான். கயிற்றை வாங்கி, அவரே இரண்டு முறை இழுத்தார்.

இரண்டு பதில் வந்தது.

சிரிப்பு நின்றது.

பிறகு, யாரும் கேட்காமலே...

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

விறைத்திருந்த கயிறு தளர்ந்தது. முழம் முழமாக. கீழே இருப்பவர் மேலே வரும்போது தளருமே... அப்படி.

"விடுங்க," என்றாள் அக்கா. "விட்டுடுங்க."

விட்டார். கயிற்றின் முனை பலகையில் ஊர்ந்து தண்ணீருக்குள் போனது.

ஓடினார்கள். வண்டி கிளம்பியபோது மணி 4.31.

மறுநாள் உச்சி வெயிலில், ஆட்கள் நான்கு பேரோடு கருவிகளை எடுக்கப் போனார்கள். தண்ணீரில் விழுந்த கயிற்று முனை ஏணியின் மேல்படியில் கட்டியிருந்தது. யாரும் பார்த்திராத ஒரு முடிச்சு. அத்தானால் அதை அவிழ்க்க முடியவில்லை. கயிற்றை அறுத்துவிட்டு, அந்த வேலையே வேண்டாம் என்று வந்துவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து, வேறொரு கட்டுமான இடத்தில், தேநீர் குடிக்கும் நேரம். வாடகைக்கு வந்த கிரேன் டிரைவரிடம் அக்கா இதைச் சொன்னாள். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தச் சுவரைக் கட்டின குழுவுல நான் இருந்தேன்மா. பத்தொம்பது வருஷம் ஆச்சு. ஒருத்தர் கீழ இருந்தார். மேல கயிறு பிடிச்சவன் எதையோ பாத்துப் பயந்து கையை விட்டுட்டான். போனவர் கெடைக்கவே இல்ல."

அக்கா கேட்டாள்.

"நாலு இழுப்புன்னா என்ன?"

அவர் அவள் கைகளைப் பார்த்தார்.

"அது எங்க குழுவுல மட்டும்தான். வேற யாருக்கும் தெரியாது." குரல் தணிந்தது. "ஏறி வர்றேன்... கயித்த விட்டுடாத."